தில்லைநாயகம் சார் குறை சொல்லாத நாட்கள்

ஜூலை 14

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் உருப்படியாக எழுதியது கடைப் பலகையில் ‘இன்று விடுமுறை’ என்பது மட்டும்தான்.

எலுமிச்சம்பழம், கிராம்பு, நீலகிரித் தைலம், பன்னீர். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடி, அந்த வாசனையை மனசில் நினைத்துக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டுமாம். என்ன தெரிந்தது என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. தைலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. பன்னீர் வெறும் பச்சைத் தண்ணீர்.

ஜூன் மாசக் காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. “சிலருக்குச் சீக்கிரம் வந்துடும், சிலருக்கு மாசக்கணக்கில ஆகும், வராமலே போறதும் உண்டு” என்றார் டாக்டரம்மா, பஸ் வரும் நேரம் சொல்வதைப் போல. வேறு யாராவது என்றால் போனால் போகிறது என்று இருக்கலாம். நான் உறையூரில் காபிக்கடை வைத்திருக்கிறேன். பொடிக்கடையில் கொட்டை வறுபடும்போது வாசலில் நின்றபடியே “போதும், இறக்குங்க” என்று சொல்லிப் பேர் வாங்கினவள். இந்திராணி மூக்கு என்றால் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்த மூக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் அப்புறம் என் கடைக்கு எதற்கு வருவார்கள்?

யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாளைக்குக் கடை திறக்கிறேன்.

ஜூலை 15

திறந்துவிட்டேன். காலையில் முதல் டிக்காஷனில் கொஞ்சம் பால் விட்டு ருசி பார்த்தேன். சூடு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, கசப்பு தெரிகிறது. காபிதான் தெரியவில்லை. கண்ணாவது இருக்கிறதே என்று நிறத்தைப் பார்த்துக் கலந்தேன்.

எல்லாரும் வந்தார்கள். ரெஹானா டீச்சர் வழக்கம்போல ஸ்கூட்டியை அணைக்காமலே நின்று குடித்தார். டியூஷன் மாஸ்டர் குமரகுரு, “வாங்கக்கா, நீங்க இல்லாம உறையூரே தூங்கி வழிஞ்சுது” என்றார். பாத்திரம் கழுவும் சகாயமேரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் ஒரு டம்ளரைக் கீழே போட்டு நெளித்தாள்.

என் திட்டம் என்னவென்றால், தில்லைநாயகம் சார். பொன்மலை ரயில்வே பணிமனையில் பெட்டிகளைச் சோதனை பண்ணும் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். அங்கே சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். வேலை போனாலும் சோதனை போகவில்லை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு குறை சொல்லாமல் அவர் டம்ளரைக் கீழே வைத்ததில்லை. “ரெண்டாம் டிக்காஷனைக் கலந்திருக்கே.” “இது நேத்துப் பொடி.” “பால ரெண்டு தடவை சுட வச்சியா?” இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பாக இருந்ததில்லை. இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதை இனி ஆசையாகக் கேட்கப்போகிறேன். அவர் சொல்லும் குறையை வைத்துத் திருத்திக்கொண்டே போனால் மூக்கு எதற்கு?

வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். ஆற்றிக் குடித்தார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்கும்மா” என்றார்.

நம்பவே முடியவில்லை. மூக்கோடு போட்ட நாளெல்லாம் கிடைக்காத பேர், மூக்கு இல்லாமல் முதல் நாளே கிடைத்துவிட்டது!

ஜூலை 18

நாலும் இல்லை. தில்லைநாயகம் சார்: “பிரமாதம்.”

ஜூலை 23

எலுமிச்சை இல்லை. கிராம்பு நாக்கில் பட்டுச் சுரீர் என்றது. அது வாசனைக் கணக்கில் வராதாம்.

குமரகுரு மாஸ்டருக்கு டாக்டர் காபியை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். “பால் மட்டும் போதும்க்கா, அல்சர் மாதிரி இருக்காம்.” பாவம், ராத்திரி பகல் பிள்ளைகளிடம் கத்தினால் அல்சர் வராமல் என்ன செய்யும்? ரெஹானா டீச்சர் பாதி டம்ளரிலேயே வைத்துவிட்டுப் போகிறார். பள்ளிக்கூடத்தில் ஏதோ இன்ஸ்பெக்ஷனாம், ஒரு வாரமாக அதே அவசரம்.

டிக்காஷனுக்கு முன்னால் குனிந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது, வேறு ஒன்றும் வருவதில்லை. அப்படி ஒன்றும் வராதபோது கை தானாகப் பொடி டப்பாவுக்குப் போகிறது. இன்னும் ஒரு கரண்டி போடுகிறேன். நிறம் நன்றாக வரட்டும் என்று சிக்கரியும் கொஞ்சம் கூட. இப்போது பார்க்கவே லட்சணமாக இருக்கிறது, கருகருவென்று.

“என்னக்கா, கஷாயம் மாதிரி இருக்கு?” என்றாள் சகாயமேரி.

“குடிச்சுப் பார்த்தவ மாதிரி பேசாதடி.”

அவள் குடிக்க முடியாது. மகள் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாகவும், வந்து கும்பிடுகிறவரை காபி தொடுவதில்லை என்றும் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். காபிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு இப்படி ஒரு நேர்ச்சை வேறு யாருக்குத் தோன்றும்?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கடையை மூடிவிட்டு நானும் சகாயமேரியும் காவிரிக்குப் போனோம். புதுத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. படியெல்லாம் மஞ்சள், கதம்பம், வாழையிலையில் சித்ரான்னம். “அக்கா, இந்த வாசனைக்காகவே வருஷம் பூரா காத்துக்கிடக்கலாம்ல?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆற்றங்கரையில் நின்றுகொண்டு ஆற்றைத் தேடினேன். சேற்று வாசனை, பூ வாசனை, ஈரத் துணி வாசனை, ஒன்றாவது வராதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஊமைப் படம் ஓடுகிற மாதிரி எல்லாம் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 9

கூட்டம் குறைகிறது. மூலையில் புதுசாக ஒரு பேக்கரி வந்திருக்கிறது, ஜில்லென்று காபி தருகிறார்களாம். எல்லாரும் அங்கே போகிறார்கள் போல. போகட்டும், தொண்டை கட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

தில்லைநாயகம் சார் மட்டும் இப்போது ஒரு வேளைக்கு இரண்டு டம்ளர் குடிக்கிறார். இன்று குமரகுரு மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சார் அவரை முறைத்து, “உட்காரும்யா! காபி நல்லாத்தான் இருக்கு” என்று அதட்டினார். பெஞ்சே அடங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரிடம் இப்படி ஒரு வார்த்தை வாங்குவதற்குத்தானே இத்தனை வருஷம் அடுப்போடு மல்லுக்கட்டினேன்.

அப்படி நல்ல காபி என்றால் ஏன் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 14

எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. தைலம் இல்லை. பன்னீர் இல்லை.

ஆகஸ்ட் 20

காலையில் இறக்கிய டிக்காஷனில் பாதியை மாலையில் சாக்கடையில் ஊற்றினேன். முன்பெல்லாம் பதினோரு மணிக்கு இரண்டாவது பில்டர் போடுவேன். இப்படியே போனால் தீபாவளிக்குக் கடை இருக்காது. எனக்கு இதை விட்டால் வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது. வீட்டில் நான் ஒருத்தி. காலையில் எழுந்து நாலு பேருக்குக் காபி போட வேண்டும் என்பதற்காகத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிட்டது, சகாயமேரி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பிவிட்டாள். காவிச் சேலை, காலில் செருப்பு இல்லை, தோளில் ஒரு பை. கடை வாசலில் நின்று, “மாதாகிட்ட உங்களுக்கு என்னக்கா வேண்டிக்கணும்?” என்றாள்.

“கடை நல்லா நடக்கணும்னு வேண்டிக்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரிக்கா” என்று போனாள். அவள் வரும்வரை டம்ளர் கழுவுவதும் நான்தான்.

ஆகஸ்ட் 28

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் குழாய்க்காரர் வந்து தண்ணீர்த் தொட்டி பற்றி வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். அவரை அனுப்பிவிட்டு வந்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலை எடுத்துக் கலந்தேன். வெக்காளியம்மன் கோயிலுக்குப் போகிற ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன். தில்லைநாயகம் சார் பெஞ்சில் இருந்தார். ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார், மீதியை ஒரே மூச்சில் குடித்துமுடித்தார்.

“நல்லா இருக்கும்மா. இன்னொண்ணு குடு.”

கொடுத்தேன். அதையும் குடித்தார்.

மாலையில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். பால் பாத்திரத்தைக் கவிழ்த்து மிச்சத்தைக் கொட்டினால், அடியில் கறுப்பாக, தார் மாதிரி ஒரு படை. விரலால் சுரண்டினேன், பெயர்ந்து வந்தது. நன்றாக அடி பிடித்திருக்கிறது. காபிக்கடையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அடி பிடித்த பாலைத் தெருவில் போகிறவன்கூட மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவான். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை.

இரண்டு டம்ளர் குடித்தார் அந்த மனிதர்.

அப்படியானால் முதல் நாள் ‘நல்லா இருக்கு’? அந்தப் ‘பிரமாதம்’? மாஸ்டரின் அல்சர், டீச்சரின் அவசரம், மூலை பேக்கரி? குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரே சேர்ந்து என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது, அதற்குத் தலைவர் தில்லைநாயகம் சார். அவர் ஒருத்தர் வாயை நம்பித்தானே கடையைத் திறந்தேன்? வரட்டும் நாளைக்கு.

ஆகஸ்ட் 29

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். சகாயமேரி போய்ச் சேர்ந்திருப்பாள்.

சார் வந்து உட்கார்ந்ததும் காபிக்குப் பதில் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தேன். நல்லவேளை, வேறு யாரும் இல்லை. இப்போதெல்லாம் வேறு யாரும் இருப்பதில்லை.

“இது என்ன சார்?”

எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே, தொண்டைல எப்படி இறங்குச்சு?”

“இறங்குச்சும்மா” என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

“எதுக்கு சார் பொய் சொன்னீங்க? பரிதாபமா? கிண்டலா? குறை சொல்றதுக்குன்னே பொறந்த மனுஷன் நீங்க, குறையே சொல்லாம என் கடையைக் கவுத்துட்டீங்களே!”

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பணிமனையில எனக்கு என்ன பேரு தெரியுமா? கருநாக்கு. இந்தச் சங்கிலி தாங்காதும்பேன், மறுநாள் அறுந்துடும். இந்தச் சக்கரம் ஓடாதும்பேன், நின்னுடும். நான் வர்றதைப் பார்த்தாலே பசங்க காதைப் பொத்திக்குவானுங்க.”

“விரிசல் கண்ணுல பட்டுச்சு, சொன்னீங்க. அதுக்குத்தானே சம்பளம் குடுத்தாங்க?”

“நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஜூன்ல இதே பெஞ்சுல உட்கார்ந்து உன்னை என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

இல்லை. அவர் சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டால் நான் வாழ முடியுமா?

“டிக்காஷன் சரியா இறங்கலை. ‘இப்படிப் போடுறதுக்கு ஒரு மாசம் கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போய்ப் படு’ன்னேன். அடுத்த வாரமே நீ படுத்துட்டே. ஆஸ்பத்திரின்னாங்க, மூச்சுக் குழாய்ன்னாங்க. தினம் காலையில வருவேன், பூட்டைப் பார்ப்பேன், போயிடுவேன். பொழைச்சு வந்துட்டா இனிமே உன்னை ஒரு வார்த்தை குறை சொல்றதில்லைன்னு வெக்காளியம்மா முன்னாடி சத்தியம் பண்ணேன்.” அவர் கை பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. “காபி மோசம்தாம்மா. அய்யோ, மகா மோசம். ஆனா நீ அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தே. அது போதும்னு குடிச்சேன்.”

அடிக்கப் போனவள் கையில் இருந்ததைக் கீழே போட்ட மாதிரி ஆகிவிட்டது. நேற்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சார், எனக்கு மூக்கு போயிடுச்சு.”

வாய்விட்டு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளுத்துவிட்டது. “அதுவும் என்னாலயா?”

“காய்ச்சலால சார். உங்க நாக்குக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாது. நீங்க குறை சொல்வீங்க, அதை வச்சுத் திருத்திக்கலாம்னுதான் கடையைத் திறந்தேன். நீங்க பாட்டுக்கு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா நான் எங்க போவேன்?”

அவர் தொண்டையைச் செருமினார். “சத்தியத்தை அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

ஒன்றரை மாசமாக அடக்கி வைத்திருந்ததைத் திறந்துவிட்டார். பொடி இரட்டிப்பு. சிக்கரி பாதிக்குப் பாதி. வெந்நீர் கொதித்து அடங்கிப்போனது. பன்னிரண்டாம் தேதி பால் திரிகிற பதம். பதினேழாம் தேதி பில்டரில் சோப்பு. தெருவே திரும்பிப் பார்த்தது. நான் உட்கார்ந்து கேட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் முடிந்த பிறகு டிக்காஷனைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் போட்டேன். கடைசியில் ஒரு டம்ளரை மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, “ம்… இது காபி. ஆனா பால் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

ஆகஸ்ட் 30

நாலும் இல்லை. சார்: “டிக்காஷன் அவசரப்பட்டு எடுத்துட்டே.” கால் மணி நேரம் பொறுத்து எடுத்தேன்.

செப்டம்பர் 4

ரெஹானா டீச்சர் இன்று முழு டம்ளரும் குடித்தார். ஸ்கூட்டியையும் அணைத்தார். குமரகுரு மாஸ்டர் பாலைக் குடித்துக்கொண்டே பக்கத்து டம்ளரை ஏக்கமாகப் பார்த்தார். சார், “உம்ம அல்சர் சரியாயிடுச்சுய்யா, எனக்குத் தெரியும்” என்று அவர் கையில் ஒரு காபியைத் திணித்தார்.

செப்டம்பர் 10

சகாயமேரி வந்துவிட்டாள். பாதமெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் சிரிப்பு. நேர்ச்சை முடிந்த பிறகு அவளுடைய முதல் காபியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “கடைக்கு நான் வேண்டிக்கலைக்கா” என்றாள்.

“பின்னே?”

“உங்க மூக்குக்கு. நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒருநாள் பின்கட்டுல பினாயில் பாட்டில் உடைஞ்சு எனக்கு நாத்தம் தாங்கலை, நீங்க அதைத் தாண்டிப் போய்ப் பூ பறிச்சுட்டு வர்றீங்க. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்.”

எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்” என்றார். அவர் குரலில் முன்பிருந்த பஸ் நேரம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மாலைக் கூட்டம். பெஞ்சில் இடமில்லை. சார் காபியை வாங்கிக்கொண்டு கல்லாப்பக்கம் வந்து நின்றார். அவர் குறை சொல்ல ஆரம்பிப்பதற்கு முன் நான் மெதுவாகக் கேட்டேன்.

“சார், நீங்க சொன்னா பலிக்கும்னா, எனக்காக ஒண்ணு சொல்லுங்களேன். மூக்கு வரும்னு.”

பதறிப்போனார். “வேண்டாம்மா. கெட்டது சொன்னாத்தான் பலிக்கும்.”

“நல்லது சொல்லிப் பார்த்திருக்கீங்களா, எப்பவாவது?”

யோசித்தார். நிஜமாகவே ரொம்ப நேரம் யோசித்தார். “இல்லையே” என்றார், அவருக்கே ஆச்சரியமாக.

டம்ளரை மேஜைமேல் வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் அவர் காதோடு கேட்டேன், அவரும் காதோடு சொல்வார் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கண்ணை மூடிக்கொண்டு, பணிமனைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

“இந்திராணிக்குப் போன மூக்கு திரும்பி வரும்!”

கடை அப்படியே நின்றது. ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் கை அந்தரத்தில் நின்றது. மாஸ்டர் என்னைப் பார்க்கிறார், பெஞ்சு முழுக்க என்னைப் பார்க்கிறது. எது வெளியே தெரிந்தால் கடை முடிந்தது என்று இரண்டு மாசமாக நெஞ்சுக்குள் வைத்துக் காத்தேனோ, அது தெருவில் போய்விட்டது. தலையை நிமிர்த்த முடியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆமீன்” என்றார் ரெஹானா டீச்சர்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ, “வந்துரும்க்கா” என்றார்கள். நான் நிமிரவில்லை. திடீரென்று பெஞ்சிலிருந்தும், வாசலிலிருந்தும், பின்கட்டிலிருந்தும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“அக்கா, பால்!”

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். தப்பித்தது. பொங்கிய நுரை மெல்ல இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அடுத்த காபிக்குக் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.